சைக்ஸ்–பிக்கோ வரைபடத்தைக் கையால் வரைந்து படிப்பது எப்படி?

2014 ஜூனில், ஈராக்கின் நினெவே மாகாணத்துக்கும் சிரியாவின் ஹசக்காவுக்கும் நடுவே இருந்த மண்கரையை ஐ.எஸ். இயக்கத்தினர் புல்டோசர் விட்டு இடித்தார்கள். 1916-இல் பிரிட்டனும் பிரான்சும் மத்தியக் கிழக்கை ரகசியமாகப் பங்கு போட்டு வரைந்த சைக்ஸ்–பிக்கோ எல்லையை ஒழித்துவிட்டதாக வீடியோவும் வெளியிட்டார்கள். பல பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்து எழுதின. 1916-இன் வரைபடத்தை ஒருமுறை கையால் வரைந்தவர்களுக்கு இதிலுள்ள பிழை சட்டென்று தெரியும். அவர்கள் இடித்த இடத்தில் அந்த வரைபடத்தில் கோடே கிடையாது. கரையின் இரு பக்கமும் ஒரே மண்டலத்துக்குள் இருந்தன.

அப்படியானால் அந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஓர் அடித்தாள், அதன்மேல் ஐந்து டிரேசிங் தாள்கள் என்று அடுக்கி வரைந்தால் விடை தானாகத் தெரியும். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தேவையானவை

ஏ3 அளவில் கெட்டியான வெள்ளைத்தாள் 1, அதே அளவில் டிரேசிங் தாள் 5, நீலம், சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை கலர் பென்சில்கள், 0.5 மி.மீ. பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், நான்கு கிளிப். அழிரப்பரும் வேண்டும், நிறையத் தேவைப்படும்.

அடித்தாள்

இடப்பக்க ஓரம் 32° கிழக்கு, வலப்பக்கம் 50° கிழக்கு. கீழே 28° வடக்கு, மேலே 40° வடக்கு. அட்சம் 1 டிகிரிக்கு 2 செ.மீ., தீர்க்கம் 1 டிகிரிக்கு 1.7 செ.மீ. எனக் கட்டம் போடுங்கள். சட்டகம் 30.6 × 24 செ.மீ. வரும். இரண்டுக்கும் 2 செ.மீ. வைத்தால் ஈராக் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். இந்த வட்டாரத்தில் ஒரு தீர்க்கத்தின் அகலம் சுமார் 92 கி.மீ., ஓர் அட்சத்தின் உயரம் 111 கி.மீ. என்பதுதான் காரணம். இந்த அளவில் உங்கள் பென்சில் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட 3 கி.மீ. இருக்கும் என்பதைக் கடைசிவரை மறக்க வேண்டாம்.

நகரங்களைப் புள்ளியாகக் குறியுங்கள். முதல் எண் வடக்கு, இரண்டாவது கிழக்கு: அக்கா 32.9, 35.1, காஸா 31.5, 34.5, ஜெருசலேம் 31.8, 35.2, பெய்ரூட் 33.9, 35.5, டமாஸ்கஸ் 33.5, 36.3; ஹோம்ஸ் 34.7, 36.7; ஹமா 35.1, 36.8, அலெப்போ 36.2, 37.2, தெய்ர் அஸ்ஸோர் 35.3, 40.1; தியார்பக்கிர் 37.9, 40.2, சிவாஸ் 39.7, 37.0, மோசுல் 36.3, 43.1, கிர்குக் 35.5, 44.4, பாக்தாத் 33.3, 44.4, பஸ்ரா 30.5, 47.8, அக்காபா 29.5, 35.0. கணக்கு எளிது. டமாஸ்கஸுக்கு (36.3 − 32) × 1.7 = 7.3 செ.மீ. வலப்பக்கம், (33.5 − 28) × 2 = 11 செ.மீ. மேலே. பிறகு கடற்கரை, யூப்ரடீஸ், டைகிரிஸ், ஜோர்தான் ஆறு, திபேரியாஸ் ஏரி, சாக்கடல். இன்றைய எல்லை எதையும் இந்தத் தாளில் போடாதீர்கள். போட்டுவிட்டால் கண் அதையே பிடித்துக்கொள்ளும். நான்கு மூலையிலும் கூட்டல் குறி இட்டு, ஒவ்வொரு டிரேசிங் தாளிலும் அதே குறிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாள்கள் நழுவி, கடைசி ஒப்பீடு வீணாகிவிடும்.

முதல் தாள்: 1914-க்கு முன்

உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கிய) ஆட்சியில் இது ஒரே நிலமாக, கோடில்லாமல் கிடந்தது என்பது ஒரு கற்பனை. பஸ்ரா, பாக்தாத், மோசுல், அலெப்போ, சிரியா (தலைநகர் டமாஸ்கஸ்), பெய்ரூட் ஆகியவை விலாயத்துகள், அதாவது மாகாணங்கள். லெபனான் மலைப்பகுதி 1861 முதல் தனி நிர்வாகம். ஜெருசலேம் நேரே இஸ்தான்புல்லுக்குக் கட்டுப்பட்ட மாவட்டம். நாப்லுஸும் அக்காவும் பெய்ரூட்டின் கீழ் இருந்தன. ஆக, பிற்காலத்துப் பாலஸ்தீனம் இந்தத் தாளில் ஒரே துண்டாக இருக்காது, ஈராக்கும் இருக்காது. எல்லைகளைப் புள்ளிக்கோடாக மட்டும் போடுங்கள். பாலைவனத்தில் விலாயத்தின் விளிம்பு எங்கே என்று யாரும் அளந்து கல் நட்டதில்லை.

இரண்டாம் தாள்: வாக்குறுதி

1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை மக்காவின் ஷரீஃப் ஹுசைனும் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் மெக்மேகனும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். உஸ்மானியருக்கு எதிராக அரபுகள் எழுந்தால் அவர்களுக்குத் தனி அரசு என்பதுதான் பேச்சு. முக்கியமானது 1915 அக்டோபர் 24-ஆம் தேதிக் கடிதம். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள பகுதிகள் அரபு அரசில் சேராது என்கிறது அது. நான்கு புள்ளிகளையும் இணைத்து அவற்றுக்கு மேற்கே மெல்லிய சாய்கோடுகள் போடுங்கள். டமாஸ்கஸுக்குத் தெற்கே வந்ததும் பென்சிலை எடுத்துவிடுங்கள்.

நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். கீழேவரை கோட்டை இழுத்து, பாலஸ்தீனத்தை உள்ளேயோ வெளியேயோ தள்ளிவிடுகிறார்கள். கடிதத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. ஆங்கிலத்தில் 'மாவட்டம்' என்று இருந்தது அரபியில் 'விலாயத்' என்று போனது. டமாஸ்கஸ் விலாயத் என்று எடுத்துக்கொண்டால் அது அக்காபா வரை நீளும், அதற்கு மேற்கே பாலஸ்தீனம். நகரத்தின் சுற்றுப்புறம் என்று எடுத்துக்கொண்டால் பாலஸ்தீனம் விலக்கில் வராது. பிற்காலத்தில் பிரிட்டன் முதல் வாசிப்பைப் பிடித்துக்கொண்டது, அரபுத் தரப்பு இரண்டாவதை. அதனால் தாளில் இந்த இடத்தை வெறுமையாக விட்டு ஒரு கேள்விக்குறி போடுவதுதான் நேர்மை.

மூன்றாம் தாள்: 1916 மே

பிரிட்டனின் மார்க் சைக்ஸ், பிரான்சின் ஜார்ஜ்-பிக்கோ ஆகியோர் பேசி முடித்த ரகசிய ஏற்பாடு இது. அக்காவிலிருந்து கிர்குக்குக்கு ஸ்கேலால் மெல்லிய கோடு போடுங்கள். சரியாகப் போட்டிருந்தால் டமாஸ்கஸ் அதற்கு அரை செ.மீ. வடக்கே நிற்கும். தெற்கே விழுந்தால் புள்ளிகளைத் திரும்ப அளந்து பாருங்கள். இது சைக்ஸ் மனத்தில் வைத்திருந்த கோடு. ஒப்பந்தத்தின் கோடு இதை ஒட்டியே போனாலும் ஸ்கேல் போல் நேராகப் போகாது.

இப்போது நிறம். லெபனான், சிரியக் கடற்கரை, சிலிசியா (அனத்தோலியாவின் தென்கடற்கரைப் பகுதி), அங்கிருந்து சிவாஸ், தியார்பக்கிர் வரை நீலம்: பிரான்சின் நேரடி ஆட்சி. மேலே சொன்ன நான்கு நகரங்களும் நீலத்துக்குள் வரக்கூடாது. பாக்தாத்தும் பஸ்ராவும் சிவப்பு: பிரிட்டனின் நேரடி ஆட்சி. ஹைஃபாவுக்கும் அக்காவுக்கும் தனியாகச் சிவப்புப் பொட்டு. காஸா–சாக்கடல் கோட்டுக்கு வடக்கே பாலஸ்தீனம் பழுப்பு: பன்னாட்டு நிர்வாகம். வடகிழக்கு மூலையில் வான் ஏரிப் பக்கம் மஞ்சள்: ரஷ்யாவின் பங்கு.

நடுவில் மிஞ்சுவது கோட்டுக்கு வடக்கே 'ஏ', தெற்கே 'பி'. இவை அரபு அரசோ அரசுகளின் கூட்டமைப்போ அமையும் என்று சொல்லப்பட்ட இடங்கள். 'ஏ'-யில் பிரான்சுக்கும் 'பி'-யில் பிரிட்டனுக்கும் முன்னுரிமை. இவற்றுக்கு அடர்நிறம் பூசாமல் ஓரத்தில் மட்டும் நீலமும் சிவப்பும் தீட்டுங்கள். முழுக்கப் பூசினால், நேரடி ஆட்சிக்கும் செல்வாக்கு மண்டலத்துக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். இணையத்தில் உலவும் படங்களில் அடிக்கடி காணும் குறை இதுதான். காஸாவுக்குத் தெற்கே உள்ள நெகேவ் பாலை பழுப்பு அல்ல, 'பி'.

இப்போது மோசுலைப் பாருங்கள். அது 'ஏ'-க்குள், பிரான்சின் பக்கம் நிற்கிறது. தெய்ர் அஸ்ஸோரும் அப்படியே.

நான்காம் தாள்: படைகள் நின்ற இடம், 1918–1920

ஒப்பந்தத்தை 1917 நவம்பரில், ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷிவிக்குகள் அம்பலப்படுத்திவிட்டார்கள். மஞ்சள் பகுதி அதோடு முடிந்தது. அதே மாதம் 2-ஆம் தேதி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய பிரிட்டன் ஆதரவு தந்த பால்ஃபர் அறிக்கையும் வந்திருந்தது. ஆனால் கோடுகளை நகர்த்தியது படை. 1914 நவம்பரில் பஸ்ராவில் இறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை மெல்ல மெல்ல வடக்கே ஏறியது. (சென்னை மாகாணத்து சாப்பர்களும், அதாவது ராணுவப் பொறியியல் படையினரும், மெசபடோமியாவில் வேலை செய்தார்கள். படையோடு போன இந்திய ரூபாய் 1932 வரை ஈராக்கில் புழங்கியது.) 1918 அக்டோபர் 30-இல் உஸ்மானியரோடு முத்ரோஸ் போர்நிறுத்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் படை மோசுலுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகு! துருக்கி இதை வருடக்கணக்கில் எதிர்த்து வாதாடியது. டிசம்பரில் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் கேட்டார், பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ மோசுலையும் பாலஸ்தீனத்தையும் விட்டுக்கொடுத்தார். இரண்டு இடங்களிலும் சிவப்பு அம்புக்குறி போடுங்கள்.

1920 மார்ச் 8-இல் டமாஸ்கஸில் கூடிய சிரியக் காங்கிரஸ் ஷரீஃப் ஹுசைனின் மகன் ஃபைசலை மன்னராக அறிவித்தது. ஏப்ரலில் இத்தாலியின் சான் ரெமோவில் கூடிய போரில் வென்ற நாடுகள் மேண்டேட்டுகளை (பன்னாட்டுச் சங்கத்தின் பெயரில் ஆளும் பொறுப்புகளை) பிரித்துக்கொண்டன. ஜூலை 24-இல் டமாஸ்கஸுக்கு மேற்கே மைசலூனில் பிரெஞ்சுப் படை அந்த அரசை முறியடித்தது. செப்டம்பர் 1-இல் பெரிய லெபனான் பிறந்தது. அந்த ஆண்டே ஈராக்கில் பிரிட்டனுக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி. மைசலூனையும் ஈராக் கிளர்ச்சியையும் விட்டுவிட்டுப் படம் வரைந்தால், அங்கே வாழ்ந்தவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது போல ஆகிவிடும். கிளர்ச்சியின் செலவு தாங்காமல்தான் பிரிட்டன் நேரடி ஆட்சியை விட்டு, 1921 ஆகஸ்டில் ஃபைசலை பாக்தாத்தில் அரியணை ஏற்றியது.

ஐந்தாம் தாள்: இன்றைய எல்லைகள், பச்சையில்

ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆண்டை எழுதுங்கள். துருக்கி–சிரியா: 1921 அக்டோபர், அங்காரா உடன்பாடு. இதன் நீண்ட பகுதி பாக்தாத் ரயில்பாதையையே எல்லையாகக் கொண்டது. பாதைக்கு வடக்கே நுசய்பின் ஊர், அதற்கு எதிரே தெற்கில் பிரெஞ்சுக்காரர்கள் 1926-இல் எழுப்பிய கமிஷ்லி. நஜ்து (இன்றைய சவூதி அரேபியாவின் பகுதி)–ஈராக், நஜ்து–குவைத்: 1922, உகைர் உடன்பாடு. நஜ்து–டிரான்ஸ்ஜோர்தான் (இன்றைய ஜோர்தான்): 1925, ஹத்தா உடன்பாடு. மோசுல் ஈராக்கோடு சேர்ந்தது 1925 டிசம்பரில் பன்னாட்டுச் சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) முடிவால். 1926 ஜூனில் துருக்கி அதை ஏற்றது. பதிலுக்கு 25 ஆண்டுகளுக்கு எண்ணெய் வருவாயில் 10 சதவீதம் என்று பேசப்பட்டது. சிரியாவின் வடமேற்குக் கடற்கரையிலிருந்த இஸ்கந்தரூன் 1939-இல் துருக்கிக்குப் போனது.

இந்த இரண்டு இழப்பையும் அலெப்போவிலிருந்து பாருங்கள். அதன் வியாபாரம் மோசுலுக்கும் அனத்தோலியாவுக்கும் இஸ்கந்தரூன் துறைமுகத்துக்கும் ஓடியது. மூன்று திசையிலும் பச்சைக்கோடு விழுந்தது. குர்துகளுக்கு 1920-இன் செவ்ர் உடன்படிக்கை தந்த தனி நாட்டு வாய்ப்பு 1923-இன் லோசான் உடன்படிக்கையில் காணாமல் போனது, ஆகவே அவர்களுக்கு இந்தத் தாளில் கோடு வராது.

ஒப்பிடுதல்

மூன்றாம் தாளையும் ஐந்தாம் தாளையும் மட்டும் எடுத்து, கிளிப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் வையுங்கள். சிரியா–ஈராக் எல்லை யூப்ரடீஸைத் தாண்டியதும் வடக்கே திரும்பி 'ஏ' மண்டலத்தின் நடுவே ஓடுவது தெரியும். 2014-இல் இடிக்கப்பட்ட கரை அங்கேதான் இருந்தது. அதற்காக 1916-க்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. வடக்கு பிரான்சுக்கு, தெற்கு பிரிட்டனுக்கு என்ற பங்கீடு அந்தத் தாளில் தொடங்கியதுதான். கோடுகளின் இடத்தைத்தான் அடுத்த பத்தாண்டுகள் முடிவு செய்தன.

ஓரிடம் மட்டும் இந்த அளவில் அடங்காது. 1923-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒத்துக்கொண்ட பாலஸ்தீன–சிரிய எல்லை, திபேரியாஸ் ஏரியின் வடகிழக்குக் கரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஓடுகிறது. ஏரி முழுவதும் ஒரு பக்கமே இருக்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. சிரியாவுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்து நின்றதும் இந்தக் கரைதான். அதை வரைய 1:50,000 அளவில் தனித்தாள் எடுங்கள். 10 மீட்டர் அதில் 0.2 மி.மீ. வரும். 0.5 பென்சில் உதவாது, கூராகச் சீவிய எச்-வகைப் பென்சில் வேண்டும்.