அப்ரென்டிஸ் லெவிப் பணம்: இங்கிலாந்து நிறுவனங்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் பிரிட்டன் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அப்ரென்டிஸ் லெவி என்ற வரியைக் கட்டுகின்றன; வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவர்களின் (அப்ரென்டிஸ்) பயிற்சிக்கான பணம் இது. விகிதம் 0.5 சதவீதம், அதில் ஆண்டுக்கு 15,000 பவுண்டு கழிவு உண்டு. இங்கிலாந்தில் வசிக்கும் ஊழியர்களின் சம்பளத்துக்கு ஏற்ற பங்கு, நிறுவனத்தின் ஆன்லைன் அப்ரென்டிஸ் கணக்கில் வந்து விழும். பல இடங்களில் கணக்குப் பிரிவு இதை இன்னொரு வரி என்று எழுதி மூடிவிடுகிறது, பயிற்சிப் பிரிவுக்குத் தகவலே போவதில்லை. கெடு முடிந்ததும் பணம் அரசிடம் திரும்பிவிடும்.

முதல் பிழை சம்பளக் கணக்கிலேயே (பேரோல்) நடக்கிறது. 25 வயதுக்குக் கீழான அப்ரென்டிஸுக்கு 'எச்' என்ற நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்பீடு) வகை எழுத்தைப் போட்டால், வரம்புக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி தரப்பு நேஷனல் இன்ஷூரன்ஸ் பூஜ்யம். அதனால் அந்தச் சம்பளம் லெவிக் கணக்கிலும் வராது என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு: லெவிக்கான சம்பளத் தொகையில் அதுவும் சேரும், போனஸும் கமிஷனும் சேரும். ஒரே குடும்பம் மூன்று நான்கு கம்பெனி நடத்தும்போது இன்னொரு சிக்கல் வரும். ஒரே கட்டுப்பாட்டில் இருக்கும் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒரு 15,000 கழிவு. யாருக்கு எவ்வளவு என்பதை நிதியாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதிகப் பணம் வீணாவது கணக்கு இருப்பைத் தவறாகப் படிப்பதால்தான். சம்பளச் செலவு 50 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 0.5 சதவீதம் 25,000. கழிவு போக ஆண்டுக்கு 10,000, அதாவது மாதம் சுமார் 833. ஊழியர்கள் எல்லோரும் இங்கிலாந்திலேயே வசித்தால் அது முழுவதும் கணக்குக்கு வரும். இப்போது 9,000 பவுண்டு விலையுள்ள, 18 மாதப் பயிற்சி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அந்த 9,000 ஒரே நாளில் போவதில்லை. 80 சதவீதமான 7,200 பவுண்டு 18 மாதத்துக்குப் பிரிந்து மாதம் 400 வீதம் போகும். மீதி 1,800 இறுதியில், பயிற்சியும் மதிப்பீடும் முடிந்த பிறகு போகும். ஆக, மாத வரவிலேயே இருவரைத் தாங்கலாம். "கணக்கில் 9,000 சேரட்டும், அப்புறம் ஒருவரை எடுப்போம்" என்று காத்திருப்பவர்கள் அதுவரை சேர்ந்ததில் ஒரு பகுதி காலாவதியாகும் ஆபத்தை வரவழைக்கிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இருவரையும் ஒரே மாதத்தில் சேர்த்தால், முடியும்போது 3,600 ஒன்றாக வந்து இடிக்கும். இருப்பு போதாவிட்டால் குறையில் ஒரு பங்கை நீங்கள் பயிற்சி நிறுவனத்துக்குக் கைப்பணமாகக் கட்ட வேண்டும். ஆறு மாத இடைவெளி விட்டுச் சேர்ப்பது நல்லது.

திட்டம் 24 மாதக் கெடுவோடுதான் தொடங்கியது. ஆனால் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்காதீர்கள், விதிகள் மாறுகின்றன. கணக்கின் நிதிப் பக்கத்தில் எந்தத் தொகை எந்த மாதம் காலாவதியாகும் என்று தெரியும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். பழைய பணமே முதலில் செலவாகும்.

இந்தப் பணம் பயிற்சிக்கும் இறுதி மதிப்பீட்டுக்கும் மட்டுமே. சம்பளம், பயணச் செலவு, தங்குமிடம் எதற்கும் தொடக்கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது: 1,500 முதல் 27,000 பவுண்டு வரை. அதற்கு மேல் விலை பேசினால் மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். ஏற்கெனவே வேலை தெரிந்த ஊழியரைச் சேர்க்கும்போது, அவருக்குத் தெரிந்த பகுதியைக் கழித்து விலையையும் காலத்தையும் குறைத்தே ஆக வேண்டும். இதைத் தவிர்த்தால் தணிக்கையில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, அன்றாட வேலையிலிருந்து விலகிக் கற்கும் நேரம் கட்டாயம். 2025 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பயிற்சிக்கும் குறைந்தபட்ச மணிநேரம் தனித்தனியாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆள் குறையும் வாரங்களில் மேற்பார்வையாளர் வெட்டுவது இதைத்தான். "வீட்டில் போய்ப் படி" என்று சொன்னால் அது கணக்கில் சேராது, இளைஞரும் பாதியில் விட்டுப் போவார். ரோட்டாவில் (பணிநேரப் பட்டியலில்) அந்த நேரத்தை முன்பே அடைத்து வையுங்கள்.

பணம் நகராமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது விலையும் தொடக்கத் தேதியும். கணக்கில் நீங்கள் ஒப்புதல் தந்த தொகையும் பயிற்சி நிறுவனம் அரசுக்கு அனுப்பிய தொகையும் ஒத்துப்போகாவிட்டால் கட்டணம் நின்றுவிடும். அப்ரென்டிஸ் வேலையை விட்டால் அன்றே கணக்கில் நிறுத்துங்கள். நீண்ட விடுப்பில் போனால் இடைநிறுத்தம் போடுங்கள்.

செலவழிக்க ஆளே இல்லையென்றாலும் வழி இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், ஆண்டு லெவியில் 50 சதவீதம் வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம்; உங்களுக்குப் பொருள் தரும் சிறு கடையோ பக்கத்துக் காப்பகமோ பயன்பெறும். ஆனால் அது ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்கும் தொகை அல்ல. அந்த அப்ரென்டிஸ் முடிக்கும்வரை மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போகும், அதற்கான இருப்பை ஒதுக்கிவிட்டே சொந்த ஆட்களைச் சேருங்கள்.