வாகனத்துக்குள் இருக்கும் கேமரா உங்களைப் பதிவுசெய்தால்: சட்டப்படி முறையிடும் வழி

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாடகை வண்டியிலோ நிறுவனத்தின் லாரியிலோ உட்புறக் கேமரா விதிமீறித் தம்மைப் பதிவுசெய்திருக்கிறது என்று கருதுபவர் பெரும்பாலும் புகார் எழுதத்தான் முதலில் உட்காருகிறார். அதற்கும் முன்னால் பதிவைக் காப்பாற்ற வேண்டும், ஏனெனில் பல டேஷ்கேம்களில் (வண்டியில் பொருத்தும் பதிவுக் கேமராக்களில்) நினைவக அட்டை நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வண்டி எண், தேதி, நேரம், பயண விவரம், கேமரா இருப்பதாக எச்சரிக்கும் ஸ்டிக்கர் இருந்ததா என்பது ஆகியவற்றை அன்றே குறித்துக்கொண்டு, பதிவை அழிக்கக் கூடாது என்று உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அதே கடிதத்தில் பதிவின் நகலையும் கேளுங்கள். அங்கே 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் (GDPR) 15-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும், சிக்கலான கோரிக்கையென்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வழக்குக்குத் தேவைப்படும் பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கோர 18-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பதிவு எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது, யார் பார்த்தார்கள், எத்தனை நாள் வைக்கப்படும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பின்னால் முறையீட்டுக்கு இந்தப் பதில்களே அடிப்படையாகும்.

அடுத்து, எந்த விதி மீறப்பட்டது என்பதைத் தெளிவாக வரையறுங்கள். ஒலிப்பதிவு இருந்ததா என்பதைத் தவறாமல் பாருங்கள். பிரிட்டனின் சவுத்தாம்டன் நகர மன்றம் வாடகை வண்டிகளில் நடக்கும் உரையாடல்களையெல்லாம் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தபோது, அது அளவுக்கு மீறியது என்று அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் 2012-இல் தடுத்தார். மறு ஆண்டு தீர்ப்பாயமும் அதை உறுதிசெய்தது. அங்கே தடை விழுந்தது இடைவிடாத ஒலிப்பதிவின் மீதுதான், காணொளியின் மீது அன்று.

ஓட்டுநராக வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தையும் கவனச் சிதறலையும் கண்டறியும் அமைப்புகள் தரவைத் தொடர்ந்து பதிவுசெய்யவோ மூன்றாம் தரப்புக்குத் தரவோ கூடாது என்றும், பயன் முடிந்ததும் உடனே அழிக்க வேண்டும் என்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 வாகனப் பாதுகாப்பு ஒழுங்குமுறை கூறுகிறது. ஆகவே, முகத்தைப் படம்பிடித்துச் சேமித்து மேலாளர் பார்வையிடும் தனிக் கேமராவை இந்தப் பாதுகாப்பு அமைப்பின் பெயரால் நியாயப்படுத்த முடியாது; அதற்கு வேறு சட்ட அடிப்படை வேண்டும். வேலையை இழக்கும் அச்சத்தில் இட்ட கையெழுத்தைச் சுதந்திரமான ஒப்புதலாகக் கொள்வதும் கடினம்.

பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ, கடிதப் போக்குவரத்து முழுவதையும் இணைத்து, பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 77-ஆம் பிரிவின்படி தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிடுங்கள். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் உங்களுக்கு வராது. உங்களுக்கு நேர்ந்த பாதிப்புக்கு இழப்பீடு வேண்டுமென்றால் 82-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தைத் தனியாக அணுக வேண்டும். மன உளைச்சலையும் அங்கே பாதிப்பாகக் காட்டலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.