கடவுச்சொல் சரி, திரை மட்டும் திறக்கவில்லை

மேலூரில் நான் நடத்தும் அச்சுக்கடையின் கணினியை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு உயர்த்தி, எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச்சூழலின் 4.20 பதிப்புக்கு வந்தபின், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் நுழைவுப் பக்கத்துக்கே திரும்பியது. கல்யாணப் பத்திரிகை வேலைகள் மூன்று நாள் நின்றன. கிராஃபிக்ஸ் டிரைவரை மீண்டும் நிறுவினேன். புதுப் பயனர் கணக்கிலும் அதே கதைதான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில், வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளையைக் கொடுத்தபோதுதான் பிடிபட்டது: 40 ஜிபி வட்டுப் பகிர்வில் ஏறக்குறைய 2 ஜிபி மிச்சம் என்று கணக்கு வந்தாலும், பயன்படுத்தக்கூடிய இடம் பூஜ்யம் என்றிருந்தது. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கென ஒதுக்கிவைக்கிறது. அதனால்தான் நிர்வாகி உரிமையில் கட்டளையை இயக்கும் சூடோ வழியே டிரைவர் தடையின்றி நிறுவப்பட்டு என்னைத் திசைதிருப்பியது, சாதாரணப் பயனரால் நுழைவுக்கு வேண்டிய '.எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பைக்கூட எழுத முடியவில்லை. 'சூடோ ஆப்ட்-கெட் கிளீன்' கொடுத்து, மேம்படுத்தலின்போது இறங்கித் தேங்கியிருந்த தொகுப்புகளை நீக்கியதும் முதல் முயற்சியிலேயே திரை திறந்தது.