படம் இருக்கிறது, எண் இல்லை: கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் அண்மையில் முதுகலை மாணவர்கள் சிலரைப் பார்த்தேன். ஒவ்வொரு பேழைக்கும் நேர் எதிரே நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பேழைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன் என்பதால் மனம் பொறுக்கவில்லை. சிற்பத்தைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்; தெரியாமல் செய்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சேர்க்கை எண்ணைக் குறிக்காமல் விடுதல்

அருங்காட்சியகம் ஒவ்வொரு பொருளுக்கும் தன் பதிவேட்டில் இடும் எண்ணே சேர்க்கை எண். என் ஆய்வேட்டுக்காக ஓர் அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட படிமங்களைப் படமெடுத்தேன். குறிப்பேட்டில் ‘பார்வதி, சோழர் காலம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். ஊருக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தபோது, ஏறத்தாழ ஒரே உயரமுள்ள இரண்டு பார்வதிகளில் எது எந்த ஊரில் கிடைத்தது என்று எனக்கே விளங்கவில்லை. திரும்பிச் சென்றபோது அந்தக் கூடம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது. பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டால், “எண்ணைச் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறோம்” என்றார்கள். என்னிடம் எண்தான் இல்லை. ஆறு மாத உழைப்பில் உருவான ஓர் இயலை அப்படியே நீக்கினேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அந்த எண் வெறும் அலுவலகக் குறியீடு அன்று. நம் அருங்காட்சியகங்களில் உள்ள செப்புத்திருமேனிகளில் பல, நிலத்தைத் தோண்டும்போது வெளிப்பட்டு, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி அரசிடம் வந்தவை. எந்த ஊர், உடன் என்னென்ன கிடைத்தன என்ற செய்திகள் பதிவேட்டில்தான் இருக்கின்றன. அவற்றை அடையும் ஒரே வழி சேர்க்கை எண். பெயர்ப்பலகையில் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். பீடத்தின் பின்புறத்தில் மிகச் சிறிதாக எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே முதலில் எண்ணையும், அதன் பிறகு முகத்தையும் படமெடுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை முறையாகச் செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், இராசராசனும் குந்தவையும் எடுப்பித்த செப்புத்திருமேனிகளைப் பாதாதிகேசாந்தம் (பாதம் முதல் தலைமுடி வரை) இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், திருக்கைகள் எத்தனை என்று அளவோடு பதிந்து வைத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனாலும் அவை எப்படி இருந்தன என்று நம்மால் சொல்ல முடிகிறது.

ஆவணத்தின் வலிமையை அண்மைக் காலத்திலும் கண்டோம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை ஆசுதிரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவர் 2014இல் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அந்தக் கோயிலில் முன்னரே எடுத்து, ஊர்ப்பெயரோடு காத்து வைத்திருந்த புகைப்படங்கள் பெருந்துணையாக இருந்தன. ஊர்ப்பெயர் குறிக்கப்படாத படமாக இருந்திருந்தால் அது எந்தக் கோயிலுக்குச் சான்றாகியிருக்கும்?

முன்புறத்தை மட்டும் பார்த்தல்

திருமுடியின் பின்னே வட்டமாக உள்ள சிரச்சக்கரம், தோளில் புரளும் சடைச்சுருள், பின்னால் விழும் ஆடை மடிப்பு ஆகியவை காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவுபவை. பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் இது வீதியுலா சென்ற திருமேனி என்பதைக் காட்டும். பேழை சுவரோடு ஒட்டியிருந்தால் காப்பாட்சியரிடம் எழுத்து வழியாக அனுமதி கேளுங்கள்; காரணத்தைத் தெளிவாக எழுதினால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

‘ஐம்பொன்’ என்று எழுதிவிடுதல்

பகுப்பாய்வு செய்யப்பட்ட சோழர் காலப் படிமங்களில் பெரும்பகுதி செம்புதான்.

வெள்ளிக்கிழமை எழும்பூருக்குச் செல்லுதல்

அன்று விடுமுறை.

வார்ப்பு முறையை நூலில் மட்டும் படித்தல்

செப்புத்திருமேனி வார்க்கும் சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருங்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை முதல் பூச்சாகத் தடவும்போது, தபதியின் கைரேகைகூட அந்த மண்ணில் பதிவதைக் காணலாம். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்த்து ஆறியபின் அந்த மண் அச்சை உடைத்தே படிமத்தை வெளியே எடுக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரே திருமேனிதான். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கூடத்தில் ஒன்றுபோல் தோன்றும் அந்த இரண்டு பார்வதிகளின் முன்னே மறுபடி நின்றபோதுதான், ஒருத்தியின் இடைக்கட்டும் மற்றவளின் விரல் வளைவும் வேறுவேறு என்பது என் கண்ணில் பட்டது.