ஃபாரி: ஓர் அரிய லத்தீன் வினையைப் படிப்பதும் ஆள்வதும்

லத்தீன் பாடநூல்கள் ‘சொல்’ என்பதற்கு தீகெரே, ‘பேசு’ என்பதற்கு லொகுவீ என்னும் வினைகளையே முதலில் கற்பிப்பதால், ரோமானியக் கவிஞர் வெர்கிலின் ஈனிட் காவியத்துக்குள் நுழையும் மாணவர் ‘ஃபாத்துர்’ என்ற சொல்லைக் கண்டு திகைப்பது இயல்பு. அது ஃபாரி என்னும் வினையின் படர்க்கை ஒருமை வடிவம். ‘மொழிகிறான்’ என்பது பொருள்.

ஈற்றைப் பார்த்து ஏமாறாதிருப்பதே முதல் வேலை. ‘துர்’ செயப்பாட்டுவினையின் ஈறு. ஆயினும் ஃபாரி வடிவத்தில் மட்டுமே செயப்பாட்டு, பொருளில் செய்வினை. ஆகவே ‘மொழியப்படுகிறான்’ என்று கொள்வது பிழை. மேலும் இது எல்லா வடிவங்களும் வழங்காத குறைவினை. ஃபாத்துர், ஃபாபோர் (மொழிவேன்), ஃபாரே (மொழிவாயாக), ஃபாத்துஸ் (மொழிந்து) போன்ற சிலவற்றை அறிந்தால் பெரும்பாலான இடங்கள் விளங்கிவிடும்.

பொருளின் ஆழத்தை அறிய இதன் உறவுச் சொற்களைப் பார்க்க வேண்டும். மனிதன் பொருளுள்ள ஒலியை முதன்முதலில் வாயால் எழுப்புவதே ஃபாரி என்றும், அதற்கு முந்தைய பருவத்துப் பிள்ளைகளே ‘இன்ஃபான்ஸ்’, அதாவது மொழியாதோர், என்றும் பண்டை ரோமானிய அறிஞர் வர்ரோ விளக்குகிறார். ‘மொழியப்பட்டது’ என்னும் ஃபாதும் ஊழைக் குறிக்கிறது. விதிக்கப்பட்டதை நாம் விதி என்பதை நினைத்தால் இந்த வளர்ச்சி எளிதில் புரியும். ட்ராய் நகரின் வீழ்ச்சியைக் கூறுமாறு கார்த்தேஜ் அரசி தீதோ கேட்கும்போது, ஈனிட்டின் தலைவன் ஈனியாஸ் தன் துயரத்தை ‘இன்ஃபாந்தும்’ என்கிறான். ‘சொல்லொணாத’ என்ற தமிழ்ச் சொல்லைவிட நெருக்கமான பெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்க்கும்போது நடையைக் காப்பது முக்கியம். ஈனிட்டின் ஆறாம் பகுதி ‘சீக் ஃபாத்துர் லக்ரிமான்ஸ்’ என்று தொடங்குகிறது. ஐந்தாம் பகுதியின் இறுதியில் சுக்கானியை இழந்து அழும் தலைவனின் கூற்றை முடித்துவைக்கும் இத்தொடரில் வினை நிகழ்காலமே எனினும், ‘இவ்வாறு கண்ணீர் மல்க மொழிந்தான்’ என இறந்தகாலத்தில் சொல்வதே தமிழ்க் காவிய மரபுக்கு இசையும். இடத்துக்கேற்ப ‘இயம்பினான்’, ‘பகர்ந்தான்’ என்பனவும் பொருந்தும்.

நீங்களே லத்தீனில் எழுதும்போது ஃபாரியைச் செய்யுளுக்கும் மிக உயர்ந்த உரைநடைக்கும் ஒதுக்கி வையுங்கள். நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கு தீகெரே போதும்.