ஆடிக் காற்றிலும் நிற்கும் சரவணபவ அறுகோணக் கோலம்

ஆடிக் கிருத்திகையன்று சென்னிமலைக்கோ மருதமலைக்கோ போக முடியாதவர்கள் வீட்டிலேயே அறுகோணம் (ஆறுமுனை நட்சத்திரம்) போட்டு ஆறு விளக்கு வைக்கலாம். கண்ணளவில் போட்டால் ஒரு முனை நீண்டும் ஒரு முனை சப்பையாகவும் வரும். அது போதாதென்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. உடுமலை, தாராபுரம் பக்கம் கோலப்பொடி தரையைத் தொடுவதற்குள் பக்கத்து வாசலுக்குப் போய்விடும். ஆகவே மாக்கோலம்தான். சாரல் அடிக்கிற ஊர் என்றால் வாசலை விட்டுவிட்டு ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) போடுங்கள்.

மாவு

50 கிராம் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து மையாக அரைக்கவும். நொய் தங்கினால் துணியில் அடைத்துக்கொள்ளும். சிறு வெள்ளைத் துணியை மாவில் நனைத்து, மூன்று விரலில் பிடித்துப் பிழியும்போது மோதிர விரல் வழியே விடாமல் இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் மாவு கெட்டி, தண்ணீர் சேருங்கள். கோடு அகன்று பரவினால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

அளவு

கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். பழைய காலண்டர் அட்டையில் 33 செ.மீ. பட்டை வெட்டி, சரியாக 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் ஆணி, மற்றதில் சாக்பீஸ்.

1. தரையைச் சீமாறால் கூட்டி, துடைத்து, நன்றாகக் காயவிடவும்.

2. ஆணியை நடுவில் அழுத்திப் பிடித்து வட்டம் போடவும். மையப்புள்ளி வழியாக, வாசற்படியை நோக்கி ஒரு நேர்கோடு. வட்டத்துக்குள் அது 60 செ.மீ. இருக்க வேண்டும்.

3. கோட்டின் மேல்முனையில் ஆணியை வைத்து, வட்டத்தை இரு பக்கமும் வெட்டவும். கீழ்முனையிலும் அப்படியே. நான்கு வெட்டு, இரண்டு முனை, ஆக ஆறு புள்ளி. வட்டத்தை ஒரே திசையில் சுற்றி ஆறு முறை வெட்டச் சொல்லித் தருபவர்கள் உண்டு. அதில் ஒவ்வொரு வெட்டிலும் 2 மி.மீ. பிசகினால் முடிவில் 1 செ.மீ.க்கு மேல் இடிக்கும். இந்த முறையில் பிசகு சேராது.

4. மேல்முனையை, கீழிருந்து வெட்டிய இரண்டு புள்ளிகளோடு சேர்த்தால் ஒரு முக்கோணம். மீதி மூன்றும் தலைகீழ் முக்கோணம். ஆறு பக்கங்களும் 52 செ.மீ. வருகிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

5. வட்டத்தையும் நடுக்கோட்டையும் துடைத்துவிட்டு மாவு ஓட்டவும். தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டு விழும்; அதனால் மூலையில் தொடங்காமல் பக்கத்தின் நடுவில் தொடங்கி, மூலையில் கை எடுக்காமல் திருப்புங்கள். முதல் முக்கோணம் காய்ந்த பிறகே இரண்டாவது. ஈரத்தில் குறுக்கே போனால் சந்திப்பு குளமாகிவிடும்.

ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். பொறுக்காமல் மேலே இன்னொரு கோடு இழுப்பதுதான் புதிதாகப் போடுபவர்கள் செய்வது. தடித்த மாவு காய்ந்ததும் வெடித்துப் பொருக்காக உரியும்.

எழுத்தும் விளக்கும்

மேல் முனையில் ச, அங்கிருந்து வலமாக ர, வ, ண, ப, வ. நடுவில் ஓம். முனை முக்கோணம் ஒவ்வொன்றும் 17 செ.மீ. பக்கம் கொண்டது, எழுத்தை உட்பக்கமாக 6 செ.மீ. உயரத்தில் எழுதினால் அகலுக்கு இடம் மிஞ்சும். அகலுக்கு அடியில் வெற்றிலை வையுங்கள், எண்ணெய் கசிந்தால் மாவுக்கோடு கறுத்துப்போகும்.

“இது யூதர் நட்சத்திரமாச்சே” என்று யாராவது கேட்பார்கள். வடிவம் அதேதான். டெல்லி ஹுமாயூன் கல்லறையின் முகப்பிலும் இது இருக்கிறது, திபெத்திய பௌத்தத்தில் வஜ்ரயோகினியின் மண்டலத்திலும் இருக்கிறது. நம்மிடம் மேல்நோக்கியது சிவம், கீழ்நோக்கியது சக்தி. எழுத்தை விட்டுவிட்டால் மேலே சொன்ன அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மறுநாள் எறும்பு தின்றது போக மிச்சத்தைத் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். காய்ந்த மாவைச் சுரண்டினால் சிமெண்ட் தரையில் வெள்ளைத் தடம் நிற்கும்.