பந்தயத்தை விட்டு வந்த கிரேஹவுண்ட் நாயை வீட்டுக்கு அழைத்து வருவது

மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய நாயாச்சே, வீட்டில் அடங்குமா என்று பயப்பட வேண்டாம், நாளில் பெரும்பகுதி சோஃபாவில் காலை நீட்டித் தூங்கும் சோம்பேறி இது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இப்படிப் பந்தயத்தை விட்ட கிரேஹவுண்டுகளைத் தத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. வீட்டில் பூனை, குழந்தை இருந்தால் தத்துக் கொடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில நாய்களுக்குப் பூனையைப் பார்த்தால் முயல் மாதிரிதான் தெரியும்.

முதல் வாரம்தான் சிரமம். கொட்டகையிலேயே வளர்ந்ததால் மாடிப்படி, கண்ணாடிக் கதவு எதுவும் அதற்குத் தெரியாது. கதவுக் கண்ணாடியில் அதன் மூக்கு உயரத்துக்கு டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நேராகப் போய் மோதும். படியில் இழுக்காதீர்கள், ஒருவர் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பழக்குங்கள். தூங்கும்போது தொடாமல் பேர் சொல்லி எழுப்புங்கள், திடுக்கிட்டால் சில நாய்கள் உறுமும், கடிக்கவும் வரும்.

கழுத்து தலையைவிடப் பருமன், சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி. விக்டோரியாவில் 2019 முதல் வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கு வாய்ப்பூட்டு (கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் கூடு) கட்டாயமில்லை, ஆனால் வெளியே கயிறு கட்டாயம். சட்டம் கிடக்கட்டும், ஓட ஆரம்பித்தால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

பற்களை முதல் மாதமே மருத்துவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். சுத்தம் செய்ய மயக்க மருந்து தேவைப்பட்டால் கிரேஹவுண்டு பார்த்துப் பழகியவரா என்று கேளுங்கள், உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில மருந்துகளின் மயக்கம் தெளிய நேரமாகும். அப்புறம், குளிருக்கு ஒரு கோட்டு.